பாதைக்கு மேலே போன குழாய்

ஹாஜராவுக்குக் கோபம் வந்தால் பாகான் டாலாமில் பாதிப் பேருக்குச் சோறு தாமதமாகும். அதனால் அவளைக் கோபப்படுத்தாமல் இருப்பதை ஊர் ஒரு கடமையாகவே வைத்திருந்தது. அந்தக் கடமையில் அக்கறை காட்டாத மனிதர் ஒருவர்தான். அவர்தான் தினமும் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பக்கத்தூரான பிறையின் ரயில் துறைக்குப் போகிற சாலையோரத்தில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது ஹாஜராவின் கடை. அத்தாப்பு ஓலைக் கூரை, பலகை மேசைகள், பின்னால் சமையற்கட்டு. கணவர் போய்ச் சேர்ந்தபோது, "பொம்பளை தனியாக எப்படிக் கடை நடத்துவாள்?" என்று கவலைப்பட்டுக்கொண்டு வந்த உறவுக்காரர்களுக்கெல்லாம் ஒரு கோப்பை டீ கொடுத்து வழியனுப்பி வைத்தவள் அவள். மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்காரர்கள், பட்டறை ஆட்கள் எல்லாரும் அவள் கை மணத்துக்காகவே சுற்று வழியில் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

குறை என்று சொன்னால் தண்ணீர்தான். அவள் கிணற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, ஆனால் அத்தனையும் உப்பு. டீயில் ஊற்றினால் பால் திரியும். தால்ச்சாவுக்கு ஏற்றினால் பருப்பு மத்தியானம் வரை வேகாமல் முறைத்துக்கொண்டு கிடக்கும். ஆகவே எதிரே தீவிலிருக்கும் ஜார்ஜ் டவுன் கரையில் அரசாங்கக் குழாயில் பிடித்த நல்ல தண்ணீர், பீப்பாய்களில், கடல் தாண்டி வந்தாக வேண்டும். அதைத் தன் பாய்ப்படகான தொங்கானில் ஏற்றி விடியற்காலையில் கொண்டுவந்து இறக்குகிறவர் ஷேக் அலாவுதீன். படகுக்குத் தலைவர் என்பதால் ஊரில் எல்லாருக்கும் அவர் 'தண்டல்'. நல்ல உயரம். மனைவியை இழந்து வெகுகாலம் ஆகிறது. வாய் மட்டும் ஓயாது.

ஹாஜராவும் தண்டலும் சண்டை போடாத காலை கிடையாது. தண்ணீர் தாமதம் என்பாள். கடலைக் கேளுங்கள் என்பார். பீப்பாயில் கயிற்று நாற்றம் என்பாள். கயிறு இல்லாமல் படகு எப்படி நிற்கும் என்பார். இதெல்லாம் இருவருக்கும் காலைப் பசியாறல் மாதிரி. வயிறு நிறைந்தபின் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள்.

ஆனால் அந்த வருடம், ரப்பர் விலை ஏறி எல்லார் கையிலும் கொஞ்சம் சில்லறை புழங்கிய ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தாம் வருடம், ஒரு நாள் சண்டை எல்லை மீறிவிட்டது. கடை நிறைய ஆட்கள். யாரோ டீயைப் புகழ்ந்து வைத்தார்கள். தண்டல் சும்மா இருக்கக் கூடாதா?

"டீ நல்லாருந்தா அது என் தண்ணி. நல்லா இல்லன்னா அது கடைக்காரம்மா கை," என்றார்.

கடை குலுங்கிச் சிரித்தது. ஹாஜராவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருட உழைப்பையும் ஒரு பீப்பாய்க்குள் போட்டு மூடிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது.

"இந்த மண்ணுலேயே நல்ல தண்ணி எடுத்துக் காட்டறேன். இனிமே உங்கக்கிட்ட ஒரு சொட்டுத் தண்ணி கேக்க மாட்டேன். தண்ணி என்ன, எதையுமே கேக்க மாட்டேன்!"

தண்டல் டீயைக் குடித்து முடித்தார். "சரி. அதுவரைக்கும் காலையில கொண்டுவரலாமா?"

"கொண்டுவாங்க," என்றாள், கோபம் தணியாமலே.

சொல்லிவிட்டாள். இனி தோண்டியாக வேண்டும்.

அப்போதுதான் அப்புத்துரை வசமாக மாட்டினார். யாழ்ப்பாணத்துக்காரர், இளைஞர், பிறையில் ஒரு பட்டறையில் பம்பு பொருத்துகிற வேலை. ஹாஜராவின் மீன் குழம்புக்குத் தன்னை எழுதிக் கொடுத்துவிட்டவர். பட்டறையில் ஒரு நீராவிப் பம்பைப் பழுது பார்த்து வைத்திருந்தார்கள். பேராக்கில் ஒரு ஈயச் சுரங்கத்துக்குச் சனிக்கிழமைச் சரக்கு ரயிலில் போக வேண்டியது. அதற்குள் எங்கேயாவது வைத்து ஓட்டிப் பார்த்தால் நல்லது என்று பட்டறையின் வெள்ளைக்காரத் துரை சொல்லியிருந்தார்.

"எங்கேயாவது எதுக்கு? என் கொல்லையில ஓட்டிப் பாருங்க தம்பி," என்றாள் ஹாஜரா. தட்டில் இன்னொரு துண்டு மீன் விழுந்தது. அப்புத்துரை என்ன செய்வார்?

திங்கட்கிழமை மாட்டு வண்டியில் பம்பும் கொதிகலனும் துளைக் குழாய்களும் வந்து இறங்கின. மூன்று மரக்கால்களை நட்டுக் கப்பி கட்டினார்கள். துளைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குழி வெட்டி, அதில் களிமண்ணைக் கொட்டிப் பாயசம் மாதிரி கரைத்தார்கள். சமையலில் ஹாஜராவுக்கு உதவியாக இருந்த காமாரியாவுக்கு அதைப் பார்த்து ஒரே வியப்பு. மலாய்க்காரி, ஆனால் தமிழில் வம்பளக்கிற சுகம் அவளுக்கு வேறு மொழியில் கிடைப்பதில்லை; பேச்சில் மலாய் 'லா' மட்டும் ஒட்டிக்கொண்டே வரும்.

"நல்ல தண்ணி தேடறதுக்கு ஏன் லா இவ்வளவு சேறு?"

"அந்தச் சேறுதான் எல்லாம், அக்கா," என்றார் அப்புத்துரை. "பம்பு இந்தக் குழியிலை இருந்து சேத்தை உறிஞ்சி, துளைக் குழாய்க்குள்ளாலை கீழ தள்ளும். அது அடியிலை மணலை அரிச்சுக்கொண்டு வெளிப்பக்கத்தாலை மேல வரும். மணலை வெளியிலை விட்டிட்டுத் திரும்பக் குழிக்கு வந்திடும். சேறு ஓடுற மட்டும் துளை இடியாது. ஓட்டம் நிண்டால் மணல் விழுந்து குழாயை இறுக்கிப் பிடிச்சிடும்."

"அலாமா! அப்போ நிக்கவே கூடாதா?"

"நிக்கவே கூடாது."

எல்லாம் சரி, ஒரு சங்கடம் இருந்தது. கொதிகலனில் நெருப்பு எரியும், பொறி பறக்கும். அதைச் சமையற்கட்டுப் பக்கம் வைத்தால் அத்தாப்புக் கூரை போய்விடும். ஆகவே கொதிகலனும் அதை ஒட்டிப் பம்பும் கொல்லையின் அந்தப் பக்கம். துளையும் சேற்றுக் குழியும் இந்தப் பக்கம். நடுவே போகிறது ஒரு ஒற்றையடிப் பாதை. கடலோரத்தில் தைக்கா என்று ஒரு சின்னத் தொழுகைக் கூடம் உண்டு. அதற்கு ஆட்கள் போய்வரவென்று யாரோ ஒரு புண்ணியவான் பள்ளிவாசலுக்கு எழுதி வைத்துவிட்டுப் போன பாதை அது.

சேற்றை உறிஞ்சும் குழாய் அந்தப் பாதையைக் கடந்தாக வேண்டும். தரையில் போட்டால், தொழுகைக்காகக் கைகால் கழுவிக்கொண்டு வருகிறவர்கள் சேறு கசிகிற குழாயைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். கைலி அழுக்காகும். அதை ஹாஜராவே ஒப்ப மாட்டாள். தரைக்கு அடியில் புதைக்கலாம் என்றால், பள்ளிவாசலுக்கு விட்ட மண்ணைத் தோண்ட அதன் பொறுப்பாளரிடம் உத்தரவு கேட்க வேண்டும். பொறுப்பாளர் யார்? ஷேக் அலாவுதீன் தண்டல்.

"கேட்டால் என்ன?" என்றார் அப்புத்துரை.

"மேலால கொண்டு போங்க," என்றாள் ஹாஜரா.

"மேலாலை போனால் அவ்வளவு சரிவராது, அக்கா. உறிஞ்சுற குழாய் நேரா இருக்க வேணும்..."

"அந்த இன்னொரு குழாய் மேலாலதானே போகுது?"

அது உண்மைதான். பம்பிலிருந்து சேற்றைத் துளைக்குத் தள்ளுகிற ரப்பர் குழாயைப் பாதைக்கு மேலே நெடிய மூங்கிலில் உயரத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். அது ஒரு குழாய், இது ஒரு குழாய், இதற்கு மட்டும் என்ன கௌரவம் என்று ஹாஜரா ஒற்றைக் காலில் நின்றாள். நின்றதோடு அல்லாமல், சுடச்சுட வாவல் மீன் பொரித்துக் கொண்டுவந்து வைத்தாள். அப்புத்துரை பொரியலைப் பார்த்தார், மூங்கிலைப் பார்த்தார், சரி என்றார்.

ஆக, ஆள் உயரத்துக்கு ஏறி, பாதையைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கி நின்றது உறிஞ்சு குழாய். வெறும் மூங்கில் கண்ணுக்கு உறுத்துகிறதே என்று காமாரியா அதில் தென்னங்குருத்தைக் கிழித்துக் கட்டிவிட்டாள்.

அடுத்த நாள் காலை தண்டல் பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தவர், வளைவின் கீழ் தலையைக் குனிந்து நின்று மேலேயும் கீழேயும் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

"பம்புக்கு," என்றாள் ஹாஜரா.

"மாப்பிள்ளை எப்போ வர்றாரு?"

"தண்ணி வந்ததும் வருவாரு. நீங்க பீப்பாயை இறக்குங்க."

அன்று பம்பு ஓடத் தொடங்கியது. குழாயில் முதலில் கையால் சேறு ஊற்றி நிரப்பி, நீராவியைத் திறந்தார்கள். டக் டக் என்று ஒழுங்காக இழுத்தது. துளையிலிருந்து சேறு குபுகுபுவென்று பொங்கியது. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து பார்த்தார்கள். ஹாஜராவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்புறம் பம்பு இருமியது. ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு வெறும் வாயை மெல்லுகிற மாதிரி கடகடவென்று வேகமாக அடித்துக்கொண்டது. சேறு வரவில்லை. துளையில் ஓட்டம் நின்றது. அப்புத்துரை அலறிக்கொண்டு நீராவியை மூடினார். அதற்குள் மணல் இறங்கித் துளைக் குழாயைப் பிடித்துக்கொண்டது. ஆட்கள் எல்லாரும் கப்பியில் தொங்கி அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

புதன்கிழமையும் அதே கதை. வாஷரை மாற்றினார். மூட்டுகளில் சணலும் சாயமும் வைத்து இறுக்கினார். குழிக்குள் கிடந்த சல்லடையைக் கழுவிப் போட்டார். ஒவ்வொரு தடவையும் பம்பு நல்ல பிள்ளையாகத் தொடங்கி, எல்லாரும் சிரிக்கிற நேரம் பார்த்து இருமும். தோண்டிய துளை பாதிக்கு மேல் தூர்ந்துபோனது. தண்டல் காலையில் வந்தார், வளைவுக்குக் கீழே குனிந்தார், பீப்பாயை இறக்கினார், போனார். கிண்டல் செய்திருந்தாலாவது ஹாஜராவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை முற்பகலில் பம்பு மறுபடி மூச்சை விட்டதும், அப்புத்துரை ஸ்பானரைக் கீழே வைத்தார். "அக்கா, இனி மறைக்கேலாது. குற்றம் பம்பிலை இல்லை. அந்த வளைவிலைதான்."

"மத்தக் குழாய்க்கும் வளைவு இருக்கே?"

"அது தள்ளுற குழாய். பின்னாலை இருந்து பலமாத் தள்ளினால் எந்த மேட்டையும் ஏறிப் போகும். இது உறிஞ்சுற குழாய். சேத்துக்குள்ளை காத்து கொஞ்சம் கலந்துதான் வரும். குழாய் பம்பு வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா உயர்ந்து வந்தால் அந்தக் காத்தும் கூடவே வந்து பம்பாலை வெளியிலை போயிடும். நடுவிலை ஒரு மேடு இருந்தால் எல்லாக் காத்தும் அந்த உச்சியிலை போய்க் குந்திக்கொள்ளும். சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்திலை சேத்து ஓட்டத்தையே அறுத்துப் போடும். பிறகு பம்பு உறிஞ்சுறது வெறும் காத்தைத்தான்."

ஹாஜரா இடுப்பில் கை வைத்தாள். "இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"சொன்னனான், அக்கா. நீங்கள் மீன் பொரிச்சுக் கொண்டுவந்து வைச்சியள்."

காமாரியா சிரிப்பை அடக்கத் தலைத்துணியின் நுனியை வாயில் வைத்துக்கொண்டாள். ஹாஜரா அவளை ஒரு முறை முறைத்தாள்.

"குழியை அந்தப் பக்கம் வெட்டினா?"

"துளையிலை இருந்து வாற சேறு அப்ப பாதையைக் கடந்து ஓட வேணும். அது இன்னும் மோசம். வேற வழி இல்லை, அக்கா. பாதைக்குக் கீழாலை நேரா ஒரு வாய்க்கால் வெட்டி, குழாயைப் புதைக்க வேணும். இண்டைக்கே. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. சனிக்கிழமை காலமை பம்பு ரயில் ஏறியிடும். அதுக்குப் பிறகு நான் தலைகீழா நிண்டாலும் இன்னொரு பம்பு கிடைக்காது."

ஹாஜரா அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தாள். கேட்க மாட்டேன் என்று கடை நிறைய ஆள் இருக்கையில் சொன்ன சொல் ஒரு பக்கம். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பீப்பாயை எதிர்பார்த்து அடுப்புப் பற்றவைப்பது இன்னொரு பக்கம். கேட்காவிட்டால் தண்ணீர் இல்லை. கேட்டால் மூக்கு உடையும். எந்தப் பக்கம் போனாலும் தண்டல்தான் நிற்கிறார் என்பதை நினைக்கவே ஆத்திரமாக வந்தது.

"கேட்டா வாய் வெந்துடுமா?" என்றாள் காமாரியா. "ஒரு வார்த்தை லா. அதுக்கு இவ்வளவு யோசனையா?"

"நாளைக்குக் காலையில வருவாருல்ல, அப்போ கேக்கறேன்."

"நாளைக்கு லேட் லா. இப்பவே போ. ஃபெரி இருக்கு."

ஹாஜரா நல்ல சேலையாக ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக் கிளம்பினாள். அவள் கடல் தாண்டிப் போய் வருடக் கணக்கு ஆகிவிட்டது. ஜார்ஜ் டவுன் கரையில் ரப்பர் மூட்டையும் ஈயக் கட்டியும் மலைமலையாகக் கிடந்தன. ரிக்‌ஷாக்காரர்களின் சத்தம், சுமை தூக்குகிறவர்களின் சத்தம், கடல் காகங்களின் சத்தம். அத்தனைக்கும் நடுவில், தண்ணீர்க் குழாயடியில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார் தண்டல். அவளைக் கண்டதும் அவர் முகம் வெளுத்தது.

"கடைக்காரம்மா! கூரை பத்திக்கிச்சா?"

"இல்ல."

"யாருக்கும் அடிபட்டுச்சா?"

"ஒண்ணுமில்ல. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க." மூச்சை இழுத்துக்கொண்டாள். "தைக்காப் பாதையைத் தோண்டணும்."

தண்டலுக்கு உயிர் திரும்பி வந்தது, கூடவே வாயும் வந்தது. "அது கேள்வியா, தகவலா?"

ஹாஜரா பல்லைக் கடித்தாள். பக்கத்தில் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"கேள்வி," என்றாள். "தோண்டலாமா?"

"தோண்டுங்க."

அவள் கண்ணை இமைத்தாள். "அவ்வளவுதானா?"

"வேற என்ன? அது என் பாட்டன் சொத்தா, நான் பிடிச்சு வச்சுக்க? மூடும்போது முன்ன இருந்ததைவிட நல்லா மூடணும். சாயங்காலத் தொழுகைக்கு வர்றவங்க கால் இடறக் கூடாது. முதல் நாளே கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்."

"நீங்களா வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எதையுமே கேக்க மாட்டேன்னு சொன்னவங்களுக்கு வலிய வந்து என்னத்தைச் சொல்ல? அந்த வளைவுக்குக் கீழ தினம் குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்புப் போச்சு." திரும்பித் தன் ஆட்களைக் கூப்பிட்டார். "பீப்பாய் இருக்கட்டும். மண்வெட்டி இருந்தா எடுத்துக்கங்க. படகை அவுத்து விடுங்க."

தொங்கான் பாயை விரித்தது. ஹாஜரா படகில் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தவிட்டு மூட்டை, அரிசி மூட்டை, வெங்காயக் கூடை. தண்ணீர்ப் பீப்பாய்கள் என்று பார்த்தால் அவள் கடைக்குப் போகிறவை மட்டுமே ஒரு மூலையில் கட்டிக் கிடந்தன.

"மத்தக் கடைப் பீப்பாயெல்லாம் எங்க?" என்று பக்கத்தில் கயிறு பிடித்திருந்த படகோட்டியிடம் கேட்டாள்.

அவன் சிரித்தான். "ரயில் துறைப் பக்கத்துக் கடைக்கெல்லாம் அரசாங்கக் குழாய் எப்பவோ வந்துடுச்சு அக்கா, அது இன்னும் உங்க கடலோரத்துக்கு வரல. உங்க ஒரு கடைக்குத்தான் தண்ணி. உங்களுக்குத் தண்ணி வந்துட்டா நாங்களும் விடியறவரைக்கும் தூங்கலாம். உங்க பீப்பாய்களுக்காகத்தான் தண்டல் எங்களை இருட்டுல எழுப்பறாரு."

தண்டலுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் பாயின் உச்சியை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். ஹாஜரா கரை வரும்வரை வாய் திறக்கவில்லை. பாகான் டாலாமில் யாராவது அதைப் பார்த்திருந்தால் நாடி பிடித்துப் பார்த்திருப்பார்கள்.

கரையில் இறங்கியதும் தண்டலே முதல் வெட்டை வெட்டினார். அவருடைய ஆட்கள் ஒரு பக்கம், அப்புத்துரையின் ஆட்கள் ஒரு பக்கம். குழியிலிருந்து பம்பு வரை கொஞ்சம் கொஞ்சமாக உயர்கிற மாதிரி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்று அப்புத்துரை நூல் பிடித்துக்கொண்டு ஓடியாடினார். எங்கேயும் மேடு விழக் கூடாது, ஒரு விரல் அளவுகூட. ஹாஜரா அவர்களுக்கு டீ கொண்டுவந்தாள். தண்டல் வியர்க்க விறுவிறுக்க வெட்டிக்கொண்டிருந்தார். இந்தக் குழாய் இறங்கிவிட்டால் காலையில் இவர் இங்கே வர ஒரு காரணமும் இல்லை. அது தெரிந்துதான் இந்த மனிதர் இப்படி வெட்டுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது. "டீ ஆறுது," என்று மட்டும் சொன்னாள்.

குழாயை இறக்கி, மூட்டு இறுக்கி, மண் போட்டு மிதித்து, மேலே கடல் மணலைத் தூவியபோது பாதை புதிது போல் இருந்தது. சாயங்காலத் தொழுகைக்கு வந்தவர்கள் நிமிர்ந்த தலையோடு நடந்து போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அப்புத்துரை பிள்ளையாரை நினைத்துக்கொண்டு நீராவியைத் திறந்தார். ஹாஜரா பிஸ்மி சொன்னாள். பம்பு இழுத்தது. டக், டக், டக். எல்லாரும் இருமலுக்காகக் காத்திருந்தார்கள். இருமல் வரவே இல்லை. ஒரே சீராக, பசித்த பிள்ளை பால் குடிக்கிற மாதிரி சேற்றை இழுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தது. தூர்ந்த துளை மறுபடி திறந்தது, பழைய ஆழத்தைத் தாண்டியது. ஒவ்வொரு குழாயாக மண்ணுக்குள் இறங்க இறங்கக் கடையே கொல்லைக்கு வந்துவிட்டது. சட்டியில் குழம்பு அடி பிடித்ததைக்கூட யாரும் கவனிக்கவில்லை. ஹாஜராவின் சரித்திரத்தில் அது முதல் தடவை.

பிற்பகலில் துளைக் குழாய் கரகரவென்று அதிர்ந்தது. வெளியே வருகிற சேற்றில் கூழாங்கல் தெரிந்தது. அப்புத்துரை அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பெரிய பட்டறைக்காரருக்கு அழகில்லாத விதத்தில் துள்ளிக் குதித்தார்.

"பரல் மணல், அக்கா! இதுக்குள்ளைதான் தண்ணி இருக்கும்!"

தண்ணீர் மட்டும் கசிந்து வரும்படி கீறல் போட்ட குழாயைத் துளைக்குள் இறக்கி, பம்பில் சேற்றுக்குப் பதிலாக வெறும் தண்ணீரை ஓட்டிக் கழுவினார்கள். அப்புறம் கைப்பம்பைப் பொருத்தி அடித்தார்கள். முதலில் கறுப்பாக வந்தது. பிறகு பழுப்பாக. பிறகு கஞ்சித் தண்ணீர் மாதிரி. வெயில் தணிகிற நேரத்தில் தெளிந்து, கண்ணாடியாக விழுந்தது.

யாரும் தொடவில்லை. எல்லாரும் ஹாஜராவைப் பார்த்தார்கள். அவள் இரண்டு கையையும் ஏந்தி ஒரு வாய் குடித்தாள். உப்பு இல்லை. கொஞ்சம் இரும்பு வாடை, அது போய்விடும். உப்பு மட்டும் துளிகூட இல்லை. அவள் கண்ணிலிருந்து வந்ததுதான் உப்பாக இருந்தது.

"இனிக்குது," என்றாள்.

அதற்கு மேல் பாகான் டாலாமைப் பிடிக்க முடியவில்லை. காமாரியா சேற்றில் சறுக்கி விழுந்து அப்படியே உட்கார்ந்து சிரித்தாள். தைக்காவுக்குப் போக வந்தவர்கள் அங்கேயே வரிசையாக நின்று கைகால் கழுவினார்கள். அப்புத்துரையைத் தூக்கிக்கொண்டு இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். ஹாஜரா அண்டாவில் அந்தத் தண்ணீரையே ஏற்றி, தேயிலையைத் தாராளமாகப் போட்டு எல்லாருக்கும் டீ ஊற்றினாள். பால் திரியவில்லை.

தண்டலும் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டார். நின்றபடியே மெதுவாகக் குடித்தார்.

"எப்படி இருக்கு?" என்றாள் ஹாஜரா.

"நல்லாருக்கு." கோப்பையைத் துடைத்த மாதிரி காலி செய்து மேசையில் வைத்தார். "தண்ணியும் உங்களுது, கையும் உங்களுது. இனிமே நான் குறை சொல்ல ஒண்ணும் இல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, "வர்றேன்," என்று படகுப் பக்கம் நடந்தார்.

அவர் பாதையில் பாதி தூரம் போயிருப்பார். ஹாஜரா வாளியைக் கீழே வைத்தாள்.

"தண்டல்!"

அந்தக் குரலுக்குக் கொல்லை முழுவதும் திரும்பியது. தண்டலும் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில வாங்க."

"எதுக்கு? அதான் தண்ணி வந்துடுச்சே."

"தண்ணிக்கு இல்ல."

தண்டல் இரண்டு எட்டு திரும்பி வந்தார். "பின்னே?" என்றார், சின்னக் குரலில்.

ஹாஜராவின் முகம் சிவந்துவிட்டது. ஆனால் பின்வாங்கவில்லை. ஒரு தடவை கேட்டுப் பார்த்தவளுக்கு இன்னொரு தடவை கேட்பதில் அவ்வளவு சிரமம் இல்லை என்று தெரிந்து போயிருந்தது.

"தனியா வராதீங்க. உங்க வீட்டுப் பெரியவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க."

கைப்பம்பை அடித்துக்கொண்டிருந்தவன் பிடியை விட்டுவிட்டான். பிறகு காமாரியா, "அலாமா!" என்று தலையில் கை வைத்தாள். அப்புத்துரை வாய் பிளந்தபடி நின்றார். தண்டல் பாதையின் நடுவில் தரையோடு தரையாக ஒட்டிப் போயிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்ல ஏறி, காது வரைக்கும் போனது.

"எத்தனை பேரைக் கூட்டிக்கிட்டு வர?" என்று எப்படியோ ஒரு கேள்வியைக் கண்டுபிடித்துக் கேட்டார்.

"எத்தனை பேர்னாலும் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள் ஹாஜரா. "தண்ணி நெறைய இருக்கு."